பயிற்சி நாளா, ட்ரிப்பா, ஷிஃப்ட் கொப்பியா? குணம் வேறுபட்டவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்குகிற யாருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கராக (தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) இருக்கலாம், தோட்டப் பாடசாலை அதிபராக இருக்கலாம், டவுனில் ஒரு வங்கிக் கிளையின் முகாமையாளராக இருக்கலாம். ஆட்கள் எல்லாரும் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேர்வதில்லை, போய்ச் சேர்ந்தாலும் கோபமாகத்தான் சேர்கிறது. கையில் கொஞ்சம் காசும் ஒரு நாள் நேரமும் இருக்கிறது. எதில் போடுவது?

வழக்கமாக முன்னால் வரும் யோசனைகள் ஆறு: குணவகைப் பயிற்சி நாள், ட்ரிப், தினசரிச் சிறு கூட்டம், எழுதிக் கொடுக்கும் கொப்பி, தனித்தனியாக உட்கார்ந்து பேசுவது, வட்ஸ்அப் குழு. எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. ஆனால் ஒன்று தீர்க்கும் சிக்கலை மற்றது தீர்க்காது.

தேர்ந்தெடுப்பதற்கு முன்பு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோளாறு ஆட்களின் குணத்தில் இருக்கிறதா, தகவல் போகிற வழியில் இருக்கிறதா? தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். பின்னேரம் வந்து சேரும் கொழுந்து ட்ரஃபில் (காற்று ஊதி வாட்டும் நீளத் தொட்டி) பரப்பப்பட்டு 12 முதல் 16 மணி நேரம் வரை வாடுகிறது. பரப்பியவர் ஒருவர், விடியப்புறம் அதை முறுக்கும் இயந்திரமான ரோலருக்கு எடுப்பவர் இன்னொருவர். மழைக் கொழுந்தா, எத்தனை மணிக்குப் போட்டது, சூட்டுக் காற்று எப்போது நிறுத்தப்பட்டது என்பது தெரியாமல் எடுத்தால் வாட்டம் தவறும். வாடாத கொழுந்து ரோலரில் சாறு கொட்டி, முறுக்கு ஏறாமல் துண்டாகும். அளவுக்கு மிஞ்சி வாடியது சரியாக நசுங்காது, அதனால் அடுத்த கட்டத்தில் பதமும் சீராக வராது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. ஆகவே ஒரு ட்ரஃப் கெட்டால் அது சின்ன நட்டமில்லை.

இரவு வேலை செய்தவர் சுருக்கமாகப் பேசுகிறவர். "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுத் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போய்விடுகிறார். விடியப்புறம் வருகிறவர் நுணுக்கி நுணுக்கிக் கேட்கிறவர். அவருக்கு அது பொறுப்பில்லாத பேச்சாகத் தெரிகிறது. இரவு வேலை செய்தவருக்கோ அந்தக் கேள்வி சந்தேகமாகத் தெரிகிறது. மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. பார்க்கிறவர்கள் "இரண்டு பேருக்கும் குணம் ஒத்துவரவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் அங்கே இல்லாமல் போனது நாலு வரி எழுதும் ஒரு கொப்பி.

மலையகத்தில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில் வாய் திறக்காதவர், வெளியே வந்ததும் தமிழில் பத்து நிமிடம் விளக்குகிறார் என்றால் அவர் அமைதியான சுபாவம் உள்ளவர் அல்ல. அவருக்கு அங்கே மொழி இல்லை, அவ்வளவுதான். மறுபக்கமும் அப்படித்தான்: தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த அலுவலகத்தில் ஒற்றைச் சிங்கள உத்தியோகத்தர் ஒதுங்கி இருப்பதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். இரண்டாவது, "சரிங்க ஐயா". அதற்கு "கேட்டுக்கொண்டேன்" என்றுதான் பொருள். "விளங்கியது" என்றோ "ஒத்துக்கொள்கிறேன்" என்றோ எடுத்துக்கொண்டால் அடுத்த நாள் பிழை வரும். இவற்றைச் சரிபார்க்காமல் ஒருவரின் குணத்துக்குப் பெயர் வைப்பது அவசரம்.

குணவகைப் பயிற்சி நாள்

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரு பயிற்சியாளர் வருவார், ஒரு வினாத்தாள் நிரப்புவோம், ஒவ்வொருவருக்கும் ஒரு வகை கிடைக்கும். அதிகம் பயன்படுவது மயர்ஸ் பிரிக்ஸ் வினாத்தாள். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை வைத்து, கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது, மொத்தம் 16 வகை. டிஸ்க் எனப்படும் நாலு வகை முறைக்கு வேர், வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதியது.

இவற்றில் ஒரு அடிப்படைக் குறை உண்டு. மனிதர்களின் கலகலப்பை அளந்தால் பெரும்பாலானோர் நடுவில்தான் நிற்பார்கள், இரண்டு ஓரத்திலும் கொஞ்சப் பேர். மயர்ஸ் பிரிக்ஸ் அந்த நடுவிலேயே கோடு போட்டு "நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்" என்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் எளிதாகப் பக்கம் மாறிவிடுவார். ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது ஐந்து பண்பு முறை. புதுமை நாட்டம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என்ற ஐந்தையும் அது அளவுகோலில் வைக்கிறது, பெட்டியில் போடுவதில்லை. பயிற்சியாளரைக் கூப்பிடுவதாக இருந்தால் அவர் எதைப் பயன்படுத்துகிறார் என்று முதலில் கேளுங்கள். வினாத்தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறதா என்று அடுத்ததாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அளக்கப்படுவது பாதி ஆங்கில அறிவு.

செலவை நேரத்தில் கணக்குப் பார்ப்போம். 12 பேர், 6 மணி நேரம்: 72 மணி நேர உழைப்பு. அதே 12 பேர் தினமும் 10 நிமிடம் கூடினால் ஒரு நாளைக்கு 2 மணி நேரம். ஆக ஒரு பயிற்சி நாளின் விலை 36 நாள் கூட்டம். கட்டணமும் சாப்பாடும் தனி.

நல்லது என்ன? "அவர் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, அவர் யோசிக்கும் விதம் அது" என்ற எண்ணம் ஒரு நாளிலேயே வந்துவிடும். அது பெரிய லாபம்தான். கெடுவது எங்கே என்றால், பெயர் ஒட்டிக்கொள்கிறது. "அவர் இன்ட்ரோவர்ட், அவரைக் கேட்க வேண்டாம்" என்று பேச ஆரம்பித்தால், பயிற்சிக்கு முன்பு இருந்ததைவிட மோசம். பெரியவர் பார்வையில் எழுதும்போது பெரியவருக்குப் பிடித்த பதிலை எழுதுகிறார்கள் என்பதும் உண்டு. முடிவுத்தாளைக் கோப்பில் வைக்காமல் அவரவரிடமே கொடுத்துவிடுவது நல்லது. பதவி உயர்வுக்கோ ஆள் எடுப்பதற்கோ அதைத் தொடவே கூடாது.

ட்ரிப்

ஆட்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான், சந்தோஷத்துக்காகப் போவதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் தொடர்பாடல் சிக்கலுக்கு மருந்தாக நினைத்துப் போனால் ஏமாற்றம். பஸ்ஸில் முன்பே ஒட்டி இருந்தவர்கள்தான் ஒட்டி உட்காருவார்கள். கலகலப்பானவர் இன்னும் கலகலப்பாவார், ஒதுங்கி இருப்பவர் பைகளைக் காவல் காப்பார். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் போனால் வீட்டுக்கென்று இருந்த ஒரே விடுமுறை போகிறது. கைக்குழந்தை உள்ள அக்காமாரும் இரவு ஷிஃப்ட் முடித்தவர்களும் வர முடியாது. வராதவர்கள் அடுத்த நாள் எல்லாரும் சிரிக்கும் பகிடி விளங்காமல் நிற்பார்கள். குடி சேர்ந்துவிட்டால் பழைய மனக்கசப்பு வெளியே வரும், அதைத் திங்கட்கிழமை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

போவதென்றே முடிவானால் அரை நாள், சம்பளத்தோடு, வேலை நேரத்துக்குள், நடந்து போகக்கூடிய இடம். சமையலை இருவர் இருவராகப் பிரித்துக் கொடுங்கள், வழக்கமாகச் சேராத இருவரைச் சேர்த்து. விரதம் இருப்பவர், மாலை போட்டவர், ஹலால் பார்ப்பவர் எல்லாருக்கும் பொதுவாக மரக்கறிச் சாப்பாடு வைத்தால் யாரும் தனியே உட்கார வேண்டியதில்லை. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அந்த மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா வீதியில் வார இறுதியில் பஸ் பிடித்துப் போகத் திட்டமிடாதீர்கள்.

தினசரிப் பத்து நிமிடம்

மலையகத்தில் இதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு, அது பிரட்டு. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் ஊறியது. அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். காலைக் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் அது பிரட்டாக மாறிவிடும். மேலே இருப்பவர் கெட்டவர் என்பதனால் அல்ல. எல்லாருக்கும் தெரிந்த வடிவம் அது ஒன்றுதான்.

மாறாமல் காக்க வழி இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், பொறுப்பாளர் கடைசியில். மூத்தவர் ஒரு தடவை கருத்துச் சொல்லிவிட்டால் இளையவர் அதற்கு மாறாகச் சொல்ல மாட்டார், அது மரியாதை. ஆகவே மரியாதை கெடாமல் உண்மை வர வேண்டுமென்றால் வரிசையைத் திருப்புவதுதான் வழி. ஆளுக்கு 45 வினாடி, மூன்றே விஷயம்: நேற்று முடியாமல் நின்றது எது, இன்று யாரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. விவாதம் கிளம்பினால் "இதைக் கூட்டம் முடிந்து நீங்கள் இருவரும் பேசுங்கள்" என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் வாரத்துக்கு ஒருவர். மொழி கலந்த இடமென்றால் அவரவர் தம் மொழியில் பேசட்டும், பலகையில் எழுதியதை முடிவில் இரண்டு மொழியிலும் வாசிக்கட்டும். நின்றுகொண்டே நடத்துங்கள், கதிரை போட்டால் நீளும். 12 பேருக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரியுங்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவரைத் திட்டக் கூடாது, ஒரு தடவைகூட. அதைப் பார்த்த மற்ற 11 பேரும் அடுத்த நாளிலிருந்து "ஒன்றுமில்லை" என்றே சொல்வார்கள். ஆய்வாளர் ஆமி எட்மண்ட்சன் 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து எழுதிய ஆய்வு இதே விஷயத்தைத்தான் தொட்டது: பிழையைச் சொன்னால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்றுக்கொள்கிறது. பிழை மறைக்கப்படும் இடத்தில் அந்த வாய்ப்பே இல்லை.

மாதாந்தக் கூட்டத்தில் யோசனை கேட்பதற்கு வேறு முறை நல்லது. ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் 1960களின் கடைசியில் சொன்னது: 6 பேர், ஆளுக்கு ஒரு தாள், 5 நிமிடத்தில் 3 யோசனை எழுதி வலப்பக்கம் தள்ளுவது. தாள் ஒரு சுற்று வந்ததும் அரை மணி நேரத்தில் 108 யோசனை வரை சேரும். சத்தமாகப் பேசுகிறவருக்கும் பேசாதவருக்கும் இங்கே ஒரே அளவு இடம். பாடசாலை ஆசிரியர் அறைக்கு இது மிகவும் பொருந்துகிறது. எழுதச் சிரமப்படுகிறவர் உள்ள தொழிற்சாலைக் குழுவில், பக்கத்தில் ஒருவர் கேட்டு எழுதிக் கொடுக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் அவருக்கு வெட்கம்.

ஷிஃப்ட் கொப்பி

எங்கள் கணிப்பில் ஷிஃப்ட் வேலை நடக்கும் எந்த இடத்திலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை, பேனையைக் கட்ட ஒரு நூல். நூல் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பேனை காணாமல் போன நாளில்தான் எழுதுவது நிற்கிறது.

பக்கத்தை முதலே கோடு போட்டுக் கட்டம் பிரித்து வையுங்கள். வெற்றுப் பக்கம் கொடுத்தால் பேச்சாளர் ஒரு பக்கம் எழுதுவார், அமைதியானவர் "ஓகே" என்று எழுதுவார், பழைய சிக்கல் கொப்பிக்குள்ளும் வந்துவிடும். வாட்டும் பகுதிக்கு ட்ரஃப் இலக்கம், போட்ட நேரம், கிலோ, ஈரமா காய்ந்ததா, சூட்டுக் காற்று நிறுத்திய நேரம், கிளறிய நேரம், கடைசியாக "அடுத்தவர் கவனிக்க வேண்டியது" என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது, ஒன்றுமில்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். வெறுமையாக இருந்தால் பார்த்துவிட்டு விட்டாரா, மறந்து விட்டாரா என்று தெரியாது.

எழுதினால் மட்டும் போதாது. வருகிறவர் வாசித்துவிட்டுத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: "மூன்றாம் ட்ரஃப் மழைக் கொழுந்து, இரண்டு மணிக்குக் காற்று நிறுத்தியாச்சு, நாலுக்குத்தான் எடுக்கணும், சரியாண்ணா?" இருபது வினாடி. "சரிங்க ஐயா"வுக்கு மாற்று இதுதான். அமெரிக்கா, கனடாவில் 9 மருத்துவமனைகளில் வைத்தியர்கள் ஷிஃப்ட் மாறும்போது இதேபோல் எழுத்தும் திருப்பிச் சொல்லுதலும் சேர்ந்த முறையைப் பழக்கிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. ஆட்களின் குணத்தை யாரும் மாற்றவில்லை. பொறுப்பைக் கைமாற்றுவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கவில்லை.

கொப்பி எங்கே கெடுகிறது? மேலே இருப்பவர் அதைக் குற்றப் பதிவாகப் பயன்படுத்தும் நாளில். "நீயே எழுதியிருக்கிறாய் பார்" என்று ஒருவருக்கு விளக்கக் கடிதம் கொடுத்தால், அன்றிலிருந்து எல்லாரும் தப்பிக்கிற மாதிரித்தான் எழுதுவார்கள். இன்னொன்று, ஷிஃப்ட் முடியும் நேரமும் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருந்தால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். 10 நிமிடமாவது மேற்படிய வேண்டும், அந்த 10 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டுச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

தனியாக உட்கார்ந்து பேசுதல்

12 பேர், மாதம் ஒரு தடவை, ஆளுக்கு 25 நிமிடம்: பொறுப்பாளருக்கு 5 மணி நேரம். கடினமான வழி இதுதான், ஆழமாகப் போவதும் இதுதான். கூட்டத்தில் பேசாதவர், எழுதத் தயங்குபவர், எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர், இந்த மூவரும் மனம் திறப்பது இங்கேதான்.

மூன்று கேள்விகள் போதும். எந்தத் தகவல் உங்களுக்குப் பிந்தி வருகிறது? நான் செய்வதில் எதை நிறுத்தினால் உங்கள் வேலை லேசாகும்? உங்களிடம் ஒன்றைச் சொல்வதானால் நேரிலா, எழுதியா, தனியாகவா? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தக் குணவகை வினாத்தாளையும்விடப் பயனுள்ளது. அவரே சொன்னது, அவருடைய வேலைக்கே பொருந்துவது.

மேசைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உட்காராதீர்கள். தேத்தண்ணி குடிக்கும் இடம், வெளி வாங்கு, எதுவானாலும் கதவு மூடாத இடம். பொறுப்பாளர் ஆண், வருகிறவர் பெண் என்றால் இது இன்னும் முக்கியம். ஒருவரை மட்டும் கூப்பிட்டால் "கோள் சொல்லப் போகிறார்" என்று பெயர் வரும், அதனால் மாதத்துக்கான பெயர் வரிசையை அறிவித்தல் பலகையில் போட்டுவிடுங்கள், மிகவும் நெருக்கமானவர் பெயரும் அதில் இருக்கட்டும். முதல் மாதம் எல்லாரும் "ஒரு குறையும் இல்லீங்க" என்பார்கள். இரண்டாம் மாதம் கதிரை உடைந்திருப்பதைச் சொல்வார்கள். அந்தக் கதிரையை உடனே திருத்திக் கொடுத்தால், மூன்றாம் மாதம் உண்மையான விஷயம் வரும். திருத்தாவிட்டால் வராது.

வட்ஸ்அப் குழு

காசு இல்லை, அதனால் எல்லாரும் இதிலேயே தொடங்குகிறார்கள். நேர மாற்றம், லீவு, மெஷின் நின்றது போன்ற அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் திருத்துவதற்கு இது இடமே இல்லை, எழுத்தில் குரல் தெரியாது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் அரையும் அறையும் ஒன்றாகவே தெரியும், ஆகவே முக்கியமானதைத் தமிழ் எழுத்திலோ குரல் பதிவிலோ அனுப்புங்கள். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும். பார்த்தும் பதில் போடவில்லை என்று கோபப்படுவதற்கு முன்பு அதை நினைக்க வேண்டும். அவசரமென்றால் அழைப்பு, அவசரமில்லை என்றால் இரவு எட்டுக்குப் பிறகு எதுவும் வேண்டாம்.

யாருக்கு எது

ஷிஃப்ட் உள்ள தொழிற்சாலை, தோட்ட மருந்தகம்: முதல் மாதம் கொப்பி மட்டும். இரண்டாம் மாதம் தனிப் பேச்சைச் சேருங்கள். காலைக் கூட்டம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் பேசிப் பழகாத ஆட்களைக் கூட்டத்தில் நிறுத்தினால் பிரட்டுத்தான் கிடைக்கும். பாடசாலையில் ஷிஃப்ட் இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள், ஆனால் இடைவேளை தவிர ஒன்றாக உட்கார நேரமில்லை. அங்கே தனிப் பேச்சும் மாதம் ஒரு தடவை தாள் சுற்றுவதும் போதும். வங்கி, கூட்டுறவுக் கடை, அலுவலகம் என்றால் கதவு திறக்கும் முன் பத்து நிமிடம்தான் மலிவும் பலனும். புதிதாகச் சேர்ந்த குழு, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், காசும் இருக்கிறது என்றால் பயிற்சி நாள் நல்ல தொடக்கம். ஏற்கெனவே சண்டையில் இருக்கும் குழுவுக்கு அது வேண்டாம், புதுப் பெயர்கள் சண்டைக்கு ஆயுதமாகும்.

இரண்டு பேருக்கு மட்டும் பகை என்றால் மேற்சொன்ன எதுவும் நேரான வழி அல்ல. இருவரையும் தனித்தனியே கேட்டு, இருவரும் மதிக்கும் மூன்றாவது ஆள் ஒருவரை வைத்து, வேலையில் எந்த இடத்தில் முட்டுகிறது என்று மட்டும் பேச வேண்டும். நண்பர்களாக்க முயல வேண்டாம், யார் எதை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று முடிவானால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதி சொல்லிப் பேசுவது, பெண்களைத் தொந்தரவு செய்வது, மேலதிக வேலைக்குக் காசு கொடுக்காமல் விடுவது, இவை குண வேறுபாடு அல்ல. இவற்றுக்கு முறையான எழுத்து முறைப்பாடும் தொழிற்சங்கமும் சட்டமும்தான் வழி. பாதிக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு ட்ரிப் போய் "ஒற்றுமையாக இருங்கள்" என்று சொல்வது அவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

எதைத் தேர்ந்தாலும், தொடங்கும் முன் இரண்டு வாரம் இரண்டை மட்டும் எண்ணி வையுங்கள்: தகவல் வராததால் மறுபடி செய்த வேலை எத்தனை, "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்ற வார்த்தை எத்தனை தடவை கேட்டது. ஆறு வாரம் கழித்து மறுபடி இரண்டு வாரம் எண்ணுங்கள். குறையவில்லை என்றால் வழியை மாற்றுவதற்கு முன்பு கொப்பியின் கடைசிக் கட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரே கையெழுத்தில் தொடர்ந்து "இல்லை", "இல்லை" என்று இருந்தால், அந்த மாதத் தனிப் பேச்சில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.